இருபத்து நான்கு கட்டம்

போன மாதம் ஒரு மத்தியானம், சாப்பிட்ட கையோடு நாற்காலியில் சாய்ந்து, பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு நான் ஒழுங்காகச் செய்துவரும் ஒரே வேலை அதுதான். போன் அடித்தது.

"சார், நான் நிவேதா. ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் செக்‌ஷன்ல புதுசா சேந்திருக்கேன். ஆபீஸ்ல உங்க நம்பர் குடுத்தாங்க. ஒரு சின்ன டவுட் சார்."

ஓய்வு பெற்றவனிடம் யாராவது டவுட் கேட்டால் அவனுக்குப் பத்து வயது குறையும். நான் எழுந்து நிமிர்ந்து உட்கார்ந்தேன். சட்டைப் பொத்தானைக்கூடப் போட்டுக்கொண்டேன்.

"பழைய டேட்டாவெல்லாம் புது சிஸ்டத்துக்கு மாத்திகினு இருக்கோம் சார். காசநோய்ப் பிரிவுல ஒண்ணாம் நம்பர் கார்டு ஒண்ணு இருக்குது. ஆளு எப்பவோ குணமாயிட்டாரு. ஆனா பக்கத்துல 'இதை யாரும் அழிக்கக் கூடாது'ன்னு குறிப்பு எழுதி உங்க பேரு போட்டிருக்குது. பேரு வேற இம்மாம் நீளம், அம்பத்து மூணு எழுத்து. யாராவது வி.ஐ.பி.யா சார்?"

"வி.ஐ.பி.தான்மா" என்றேன். "கல்வராயன் மலையில சாமை வெதைக்கிறவரு. அவர நான் கொல்லப் பாத்தேன்."

"சார்?" என்றாள். பெண் பயந்துவிட்டாள் போல. அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். அவளிடம் சொல்லும்போது என் அசட்டுத்தனங்கள் சிலவற்றை விட்டுவிட்டேன். இங்கே விடவில்லை.

நான் சின்னசேலத்துக்காரன். பட்டப்படிப்பு முடித்துச் சும்மா இருந்த என்னை அப்பா சேலத்துக்கு ஆறு மாத கம்ப்யூட்டர் கோர்ஸுக்கு அனுப்பினார். முப்பது பேருக்கு மூன்று எந்திரம். வாரத்துக்கு இருபது நிமிஷம் தொடக் கிடைக்கும். மீதி நேரம் காகிதத்தில் புரோகிராம் எழுதி, காகிதத்திலேயே அது சரியாக ஓடியதாக நினைத்துக்கொள்ள வேண்டும். கடைசியில் தங்கநிற விளிம்பு போட்ட சர்டிபிகேட் கொடுத்தார்கள். அந்த விளிம்பைப் பார்த்துத்தான் எனக்கு வேலை கிடைத்தது என்று இன்றும் நம்புகிறேன்.

வேலை கொடுத்தது கள்ளக்குறிச்சியில் இருந்த ஒரு தர்ம ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம், நடந்த தப்பு என்னுடையது, அவர்களுடையதல்ல. யாரோ ஒரு புண்ணியவான் அவர்களுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்திருந்தார். அதை என்ன செய்வது என்று தெரியாமல் அவர்கள் ஒரு அறை ஒதுக்கி, அந்த அறைக்கு ஏ.சி. போட்டிருந்தார்கள். ஆபரேஷன் தியேட்டருக்குக்கூட அப்போது ஏ.சி. கிடையாது. கதவில் 'காலணிகளை வெளியே விடவும்' என்று நானே ஒரு பலகை எழுதி மாட்டினேன். நோயாளிகள் கண்ணாடி வழியாக எட்டிப் பார்ப்பார்கள். நான் வேலையே இல்லாத நேரத்தில்கூடத் திரையை முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பெரிய டாக்டர் பெயர் தவமணி. ஐம்பது வயதிருக்கும். குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. மை பேனாவால்தான் எழுதுவார். நாம் சொல்வது சரியாக இருந்தால் எழுதிக்கொண்டே கேட்பார். தப்பாக இருந்தால் பேனாவை மூடி மேஜையில் வைத்துவிட்டு, "அப்புறம்?" என்பார். அந்த "அப்புறம்?" என்ற சொல்லை நான்கு முறை கேட்பதற்குள் நாமே நம் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுவோம். ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அந்தப் பேனா மூடியின் 'டக்' சத்தம் தெரியும்.

எனக்குக் கொடுத்த முதல் வேலை காசநோய்க் கார்டுகள். காசநோய்க்கு மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டும். இரண்டு மாதத்தில் இருமல் நின்றுவிடும். உடம்பு தேறிவிட்டது என்று ஜனங்கள் வராமல் இருந்துவிடுவார்கள். அப்படி விட்டால் நோய் திரும்ப வரும், முன்னைவிட முரட்டுத்தனமாக. அதனால் ஒவ்வொருவருக்கும் ஒரு மஞ்சள் கார்டு. அடுத்து எந்தத் தேதியில் மாத்திரை வாங்க வர வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். தேதி கடந்து ஒரு வாரம் ஆகியும் வராதவர்களைப் பொறுக்கி எடுத்து ஒரு பட்டியல் போட வேண்டும். அதை எடுத்துக்கொண்டு எஸ்தர் அக்கா மலைக்குப் போவார். வீடு வீடாக நடந்து, கெஞ்சியோ மிரட்டியோ ஆளைக் கூட்டிவருவார்.

எஸ்தர் அக்கா கச்சிராயபாளையத்துக்காரர். மலையில் எந்தக் குடிசைக்கு எந்த ஒற்றையடிப் பாதை என்று அவருக்கு அத்துப்படி. அவரிடம் உறை கிழிந்த ஒரு நோட்டு இருந்தது. அதில் சிலருக்கு ஒரே வரி, சிலருக்கு அரைப் பக்கம். 'நாய் கடிக்கும், மேலண்டைப் பக்கமாப் போவணும்', 'மாமியாருக்குத் தெரியக் கூடாது', 'அறுப்புக்குப் போனா பதினஞ்சு நாள் ஆவும்' என்றெல்லாம் எழுதியிருப்பார். கார்டுகளைப் புரட்டிப் பட்டியல் போட அவருக்கும் ஒரு நர்ஸுக்கும் ஒவ்வொரு சனிக்கிழமையும் முழு நாள் பிடிக்கும். அந்த ஒரு நாளை நான் ஐந்து நிமிஷமாக்கிக் காட்டுவதாகச் சவால் விட்டேன்.

தொடங்கும் முன் டாக்டர் என்னைக் கூப்பிட்டு, எப்படிச் செய்யப்போகிறேன் என்று கேட்டார். கோர்ஸில் படித்ததையெல்லாம் கொட்ட ஒரு வாய்ப்பு. விவரங்களை இரண்டு விதமாகச் சேமிக்கலாம் என்றேன். ஒன்று, நிலையான அளவு: பெயருக்கு இத்தனை கட்டம் என்று முதலிலேயே ஒதுக்கிவிடுவது. பெயர் சின்னதாக இருந்தால் மீதிக் கட்டம் காலியாகக் கிடக்கும். ஆனால் எல்லாக் கார்டும் ஒரே நீளம் என்பதால் ஆயிரமாவது கார்டு வேண்டுமென்றால் எந்திரம் தேடவே வேண்டாம். ஒரு கார்டின் நீளத்தை ஆயிரத்தால் பெருக்கி நேராக அந்த இடத்துக்குப் போய்விடும். இன்னொன்று, மாறும் அளவு: பெயர் எவ்வளவோ அவ்வளவு இடம். இடம் வீணாகாது. ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் அதன் நீளத்தை எழுதிவைக்க வேண்டும், யார் எங்கே இருக்கிறார்கள் என்று தனியாக ஓர் அட்டவணை வேண்டும், பெயரைத் திருத்தி நீளமாக்கினால் பழைய இடத்தில் கொள்ளாது, தூக்கி வேறிடத்தில் வைக்க வேண்டும். பெரிய ரோதனை.

"அதனால நெலையான அளவுதான் டாக்டர். அதான் நறுவிசு" என்றேன்.

டாக்டர் எழுதிக்கொண்டே கேட்டார். "வார்டுல எல்லாக் கட்டிலும் ஆறடிதான் பாஸ்கரன். ஒசரமான ஆளு வந்தா காலு வெளிய நீட்டிக்கும். உங்க கட்டில்ல இன்னா ஆவும்?"

"அவ்ளோ ஒசரமா யாரும் வரமாட்டாங்க டாக்டர்."

எவ்வளவு கட்டம் என்று எப்படி முடிவு செய்தேன் என்பதை இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. அப்போது எங்கள் எந்திரத்துக்கு இங்கிலீஷ் எழுத்துதான் தெரியும். என் பெயரை இனிஷியலோடு அடித்துப் பார்த்தேன். இடைவெளியைச் சேர்த்துப் பதினொரு கட்டம். அதை இரண்டால் பெருக்கினேன். போகட்டும் என்று தர்மத்துக்கு இரண்டு சேர்த்தேன். இருபத்து நான்கு. உலகத்தில் எவனுக்கும் என்னைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் பெயர் இருக்காது என்று முடிவு கட்டியாயிற்று.

கார்டுகளை நானே அடித்து ஏற்றினேன். கார்டைப் பார்த்துக்கொண்டே அடிப்பேன். திரையைப் பார்க்காமல் அடிப்பது கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு. இதில் ஒரு சங்கதி உண்டு. ஒதுக்கிய கட்டமெல்லாம் நிரம்பிவிட்டால் எந்திரம் 'பீப்' என்று கத்திவிட்டுத் தானாகவே அடுத்த விவரத்துக்கு, அதாவது பெயரிலிருந்து ஊருக்கு, தாவிவிடும். மலைக்காரர்கள் கார்டை அடிக்கும்போதெல்லாம் பீப், பீப் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. பீப் கேட்டால் பெயர் முடிந்தது என்று நானும் கார்டில் ஊருக்குப் போய்விடுவேன், ஒரு பொத்தானை அழுத்தும் வேலை மிச்சம். சில நேரம் அது என் வேகத்தைப் பாராட்டிக் கத்துவதாகக்கூட எனக்குத் தோன்றியிருக்கிறது.

எல்லாம் ஏற்றி முடித்தபின் என் கெட்டிக்காரத்தனத்துக்கு மகுடம் வைத்தேன். ஒரே ஆளுக்கு இரண்டு கார்டு இருந்தால் கண்டுபிடித்து ஒன்றாக்க ஒரு புரோகிராம். பெயர், ஊர், ஆணா பெண்ணா, வயது, நான்கும் ஒத்துப்போனால் ஒரே ஆள். பழைய கார்டை வைத்துக்கொண்டு புதியதை நீக்கிவிடும். ஓட்டினேன். மலைப்பக்கத்திலிருந்து நிறைய இரட்டைக் கார்டுகள் விழுந்தன. "பாருங்க டாக்டர், கையால எழுதினா எவ்ளோ தப்பு வருதுன்னு" என்று காகிதத்தை நீட்டினேன். டாக்டர் அதை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை தோறும் ஐந்து நிமிஷத்தில் பட்டியல் வந்தது. பிரின்டர் கரகரவென்று அடிக்கும்போது நர்ஸுகள் வந்து நின்று வேடிக்கை பார்ப்பார்கள். எஸ்தர் அக்கா நோட்டை விரித்து என் பட்டியலோடு ஒத்துப்பார்க்க ஆரம்பித்தார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"அக்கா, இனிமே அந்த நோட்டு எதுக்கு? லிஸ்ட்ல இருக்கிறவங்கள மட்டும் பாருங்க. லிஸ்ட்ல இல்லன்னா முடிஞ்சிடிச்சின்னு அர்த்தம்."

"நோட்டு இன்னா சார் சோறா கேக்குது? இருந்துட்டுப் போவட்டுமே."

"மிசின் தப்பு பண்ணாதுக்கா."

அக்கா நோட்டை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டார். மலை பெரிசு, வேலையும் ஜாஸ்தி. பட்டியலில் இருப்பவர்களைப் பார்க்கவே அவருக்கு வாரம் போதவில்லை. நாளடைவில் அவரும் என் பட்டியலையே நம்பிவிட்டார்.

ஐந்து மாதம் நான் ராஜாவாக இருந்தேன்.

ஆறாவது மாதம் ஒரு காலை, எஸ்தர் அக்கா செருப்போடு ஏ.சி. அறைக்குள் வந்தார். நான் பலகையைக் காட்டினேன். அவர் அதைத் திரும்பியே பார்க்கவில்லை.

"மேல்பலாக்காட்டு ஏழுமல எங்க சார்?"

"லிஸ்ட்ல இல்லன்னா..."

"நேத்து வெள்ளிமல சந்தையில கடைசி பஸ்ஸு கெளம்பும்போது ஜன்னல்ல பாத்தேன் சார். மரத்தடியில குந்திக்கினு இருமிகினு இருக்குறான். துண்டு பூரா ரத்தம். பாதி மாத்திரையில நின்னுபோனவன் அவன். எத்தினி மாசமா உங்க லிஸ்ட்ல அவன் பேரு வரல, பாத்து சொல்லுங்க."

தேடினேன். ஏழுமலை என்ற பெயரே வரவில்லை. மேல்பலாக்காடு என்று ஊரைப் போட்டுத் தேடினேன். ஒரு கார்டு வந்தது. சிகிச்சை முடிந்தது என்று இருந்தது.

"முடிஞ்சிடிச்சேக்கா."

"யாரு முடிச்சா?"

அதற்குள் டாக்டர் வந்துவிட்டார். அவரும் செருப்போடுதான் வந்தார். என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, தகரப் பெட்டியிலிருந்து ஏழுமலையின் மஞ்சள் கார்டை எடுத்துவரச் சொன்னார். கார்டில் எஸ்தர் அக்காவின் கையெழுத்து. 'மேல்பலாக்காட்டுக் கரியான் மகன் சின்னாண்டி மகன் ஏழுமலை.'

அந்த ஊரில் பெயர் சொல்லும் வழக்கம் அது. இருப்பதே பத்திருபது வீடு. ஆளுக்கு ஆள் ஏழுமலை, அண்ணாமலை என்றுதான் பெயர். அதனால் முதலில் காடு, பிறகு தாத்தா, பிறகு அப்பா, எல்லாருக்கும் கடைசியில்தான் தன் பெயர். அக்கா அவர்கள் சொன்னதைச் சொன்னபடி எழுதியிருந்தார்.

"புது கார்டு போடற மாதிரி இந்தப் பேர அடிங்க பாஸ்கரன். திரையப் பாத்து அடிங்க" என்றார் டாக்டர்.

அடித்தேன். மேல்பலாக்காட்டு. கரியான். அடுத்து 'மகன்' என்ற சொல்லில் இரண்டு இங்கிலீஷ் எழுத்து விழுந்ததும் பீப். எந்திரம் ஊர்க் கட்டத்துக்குத் தாவிவிட்டது. பெயர்க் கட்டத்தில் 'மேல்பலாக்காட்டு கரியான் ம' என்று நின்றது. என் விரல் அந்தரத்தில் நின்றது.

டக். பேனா மூடி.

"அப்புறம்?"

"பேரு... முழுசா நிக்கல டாக்டர்."

"அப்புறம்?"

"இதே வூட்டுல இன்னொருத்தர் இருந்தா அவரு பேரும் இப்டித்தான் நின்னிருக்கும்."

"அண்ணாமல" என்றார் எஸ்தர் அக்கா. "இவன் அண்ணங்காரன். போன வருசமே மாத்திர முடிச்சிட்டான். ரெண்டு பேரும் வயசு கேட்டா முப்பது இருக்கும்னுதான் சொல்லுவானுங்க."

"அப்புறம்?"

"ரெண்டும் ஒரே ஆளுன்னு நெனச்சி ஒண்ண நீக்கிட்டேன் டாக்டர்."

நான்காவது 'அப்புறம்' வரவில்லை. அது வந்திருந்தால்கூடத் தேவலை. டாக்டர் எழுந்தார். "அவன் இருக்கானா இல்லையான்னு நீங்களே போய்ப் பாத்துக் கூட்டியாங்க. எஸ்தர் வழி காட்டுவாங்க. இரட்டைக் கார்டுன்னு நீக்கின மத்தவங்க எல்லாரையும் நான் பெட்டியில இருந்து எடுத்து வெக்கிறேன்" என்றார். ஏ.சி.யிலும் எனக்குச் சட்டை நனைந்திருந்தது. ஓர் ஆள் செத்துப்போயிருப்பானோ என்ற பயத்தை அதற்கு முன் நான் அறிந்ததில்லை. அதைச் சிரிப்பாக எழுத இன்றும் எனக்கு வரவில்லை.

மறுநாள் காலை ஏழு மணி பஸ். மலை ஏறத் தொடங்கிய மூன்றாவது வளைவிலேயே எனக்கு வாந்தி வந்துவிட்டது. நான் ஜன்னல் ஓரம் உட்காரவில்லை. ஜன்னல் ஓரம் இருந்தவர் நல்ல மனிதர், என் தலையைப் பிடித்து வெளியே நீட்டி உதவினார். வெள்ளிமலையில் இறங்கி அங்கிருந்து இரண்டு மணி நேர நடை. அக்கா முன்னே விறுவிறுவென்று போக, நான் செருப்பு அறுந்து, அதைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன்.

மேல்பலாக்காட்டில் ஏழுமலை வீட்டு வாசலில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உயிரோடு இருந்தான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மலை ஏறிய களைப்பு என்று அக்காவிடம் சொன்னேன். பக்கத்தில் அண்ணன் அண்ணாமலை கடுக்காய் கொட்டி உலர்த்திக்கொண்டிருந்தான்.

"ஏண்டா மாத்திர வாங்க வரல?" என்று அக்கா ஆரம்பித்தார்.

ஏழுமலைக்குப் பேசும்போதே மூச்சு வாங்கியது. "நீங்கதான்க்கா வரல. அண்ணனுக்கு முடிஞ்சதும் நீங்க வர்றத நிறுத்திட்டீங்க. எனக்கும் ரெண்டே மாசத்துல நிறுத்திட்டீங்க. இருமலும் கம்மியாயிடிச்சி. சரி, நமக்கு லேசா வந்திருக்கும்போல, சீக்கிரம் முடிஞ்சிடிச்சின்னு நெனச்சிக்கினு காப்பித் தோட்ட வேலைக்குப் பூட்டேன்."

அக்கா என்னைப் பார்த்தார். நான் முன்னால் வந்து நின்று, கையில் அறுந்த செருப்போடு, கட்டம், நீளம், பீப் எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு அக்காவுடையதல்ல, என்னுடையது என்றேன். அண்ணாமலை கடுக்காயை விட்டுவிட்டுக் கவனமாகக் கேட்டான்.

"அதாவது சார், உங்க மிசினுக்கு நானும் இவனும் ஒரே ஆளு."

"ஆமா."

"அப்ப நான் தின்ன மாத்திர இவனுக்கு வேல செஞ்சிருக்கணுமே சார்? ஏன் செய்யல?"

கோர்ஸில் இதற்குப் பதில் சொல்லிக்கொடுக்கவில்லை. ஏழுமலை சிரித்து, சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க வெகு நேரமாயிற்று. அக்கா முதுகைத் தடவிக்கொடுத்தார். அப்புறம் அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "இப்ப வந்தா பேர முழுசா எழுதுவீங்களா?"

எழுதுவேன் என்றேன். அண்ணன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் தாங்கிக்கொண்டு இறங்கினோம். முதலிலிருந்து ஆரம்பித்து, ஊசியும் சேர்த்து எட்டு மாத சிகிச்சை. முதல் இரண்டு மாதம் வார்டிலேயே இருந்தான். நான் தினமும் போய்ப் பார்ப்பேன். கட்டில் ஆறடி, அவன் அதற்குள் அடங்கினான். நீக்கப்பட்ட மற்றவர்களில் யாரும் பாதியில் நின்றிருக்கவில்லை என்று டாக்டர் கார்டு கார்டாகப் பார்த்துச் சொன்னார். அது என் சாமர்த்தியம் அல்ல, அதிர்ஷ்டம்.

இத்தனைக்குப் பிறகாவது புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. நிலையான அளவுதான் நறுவிசு என்ற பிடிவாதம் மட்டும் போகவில்லை. ஏழுமலையின் பெயரை இங்கிலீஷில் எண்ணினேன். ஐம்பத்து மூன்று. பெயருக்கு ஐம்பத்து மூன்று கட்டம் என்று மாற்றிவிட்டேன். ராமு என்ற நான்கெழுத்துக்காரருக்கும் ஐம்பத்து மூன்று. ஒரு பிளாப்பித் தகட்டில் அடங்கிய கார்டுகள் இப்போது இரண்டில்கூட நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. திங்கட்கிழமை பட்டியலுக்கு ஒன்றை உருவி மற்றொன்றைச் செருகி, மறுபடி உருவி, ஐந்து நிமிஷ வேலை முக்கால் மணி நேரமாயிற்று. நர்ஸுகள் வேடிக்கை பார்க்க வருவதை நிறுத்திவிட்டார்கள். நான் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு அதையே ஓட்டினேன்.

எட்டு மாதம் முடிந்து, மூன்று சளிப் பரிசோதனையிலும் கிருமி இல்லை என்று வந்த அன்று, டாக்டரே ஏழுமலையை என் அறைக்கு அழைத்துவந்தார். ஆள் சதை பிடித்து, கன்னம் பளபளவென்று இருந்தான். பலகையைப் பார்த்துச் செருப்பைக் கழற்றப் போனான். வேண்டாம் என்று சொல்லி, அந்தப் பலகையை நானே கழற்றிப் பீரோவுக்குப் பின்னால் போட்டேன்.

அவன் கார்டைத் திரையில் கொண்டுவந்து பெருமையாகக் காட்டினேன். பெயர்க் கட்டம் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நிரம்பி இருந்தது.

"இதுல என் பேரு எங்க சார் இருக்குது?"

"கடைசியில. இதோ."

அவன் விரலை வைத்துப் பார்த்தான். விரலுக்கு அந்தப் பக்கம் கட்டத்தின் கோடு.

"ஓரத்துல நின்னுகினு இருக்கேனே சார். எங்க வூட்டுல இப்ப முழுகாம இருக்கா. நாளைக்கு எனக்கு ஒரு மவன் பொறந்தான்னா, அவன் எங்க நிப்பான்?"

டாக்டர் சிரித்துவிட்டார். இருபது வருஷ அனுபவம் உள்ள நர்ஸுகளே பார்க்காத சிரிப்பு அது. அப்புறம் பேனாவை எடுத்து மூடினார். "அப்புறம் பாஸ்கரன்?"

மூன்று வாரம் உட்கார்ந்து மாற்றி எழுதினேன். தேதி, கார்டு எண், ஆணா பெண்ணா, சளிப் பரிசோதனை முடிவு, இவற்றை நிலையான அளவிலேயே விட்டேன். தேதி என்றைக்கும் வளரப் போவதில்லை. பெயரை மட்டும் தனிக் கோப்புக்குக் கொண்டுபோய், ஒவ்வொன்றுக்கும் முன்னால் அதன் நீளத்தை எழுதி, கார்டில் அந்த இடத்தின் எண்ணை மட்டும் வைத்தேன். ரோதனை என்று நான் சொன்னது அத்தனையும் உண்மைதான். பெயரைத் திருத்தினால் பழைய இடத்தில் ஓட்டை விழும். மாதம் ஒருமுறை அந்த ஓட்டைகளை அடைக்க அரை நாள் போகும். ஆனால் எல்லாம் மறுபடி ஒரே பிளாப்பியில் அடங்கியது. எஸ்தர் அக்காவின் நோட்டில் இருந்த குறிப்புகளையும் அதே முறையில் ஏற்றினோம். 'நாய் கடிக்கும்' என்பது பட்டியலிலேயே அச்சாகி வந்தது. நோட்டை அவர் கடைசிவரை விடவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் ஏழுமலை மகனைத் தூக்கிக்கொண்டு தடுப்பூசிக்கு வந்தான். குழந்தைக்கும் கார்டு போட்டேன். வெற்றிவேல் என்று முடியும்வரை அடித்தேன், அறுபத்தெட்டு எழுத்து. எந்திரம் கத்தவில்லை. நான்தான் சந்தோஷத்தில் கத்தினேன்.

அதன்பின் ஆஸ்பத்திரியில் மூன்று முறை எந்திரம் மாறியது. ஒவ்வொரு முறையும் நான் முதலில் ஏற்றுவது ஏழுமலையின் பெயரைத்தான். அது முழுசாகத் திரும்பி வந்தால்தான் மற்றதைத் தொடுவேன். ஒன்றாம் நம்பர் கார்டின் கதை இதுதான்.

"புது சிஸ்டத்துல பேருக்கு அளவே கெடையாது சார்" என்றாள் நிவேதா. "எவ்ளோ நீளம்னாலும் நிக்கும்."

"எதுக்கும் அந்தப் பேர ஒரு தரம் அடிச்சு, கடைசிவரைக்கும் ஓட்டிப் பாரும்மா."

மறுநாள் அதே மத்தியான நேரம் மறுபடி போன். குரலில் முந்தின நாள் கலகலப்பு இல்லை.

"சார், டேட்டாபேஸ்ல முழுசா நிக்குது. ஆனா நோயாளி கையில குடுக்கிற டோக்கன் சீட்டு இருக்குதில்ல, அதுல 'மேல்பலாக்காட்டுக் கரியான் மகன்' வரைக்கும்தான் சார் வருது. ஹால்ல அந்தப் பேர்தான் கூப்பிடுவாங்க."

"சீட்டுல பேருக்கு எவ்ளோ எடம்னு எப்டிம்மா முடிவு பண்ணீங்க?"

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"என் பேர அடிச்சுப் பாத்தேன் சார். அப்பா பேரோட. நெறையவே எடம் மிச்சம் இருந்துச்சு."

டாக்டர் தவமணி இப்போது இல்லை. இருந்திருந்தால் அந்தப் பேனா மூடியின் சத்தம் போனிலேயே கேட்டிருக்கும். எனக்குத் திட்ட வரவில்லை. திட்டுகிற தகுதி எனக்கு இல்லை என்பது எனக்கும் அவளுக்கும் நன்றாகவே தெரியும்.

"காலையில ஏழு மணிக்கு வெள்ளிமல பஸ் இருக்குதும்மா" என்றேன். "ஜன்னல் ஓரமா எடம் புடிச்சிக்க. நல்ல செருப்பாப் போட்டுக்க."